பாரம் எழுபது பவுண்டு, தூரம் ஆயிரம் மைல்

நம் பேரவை மலரில் வருடா வருடம் ராக்கெட்டைப் பற்றி ஒரு கட்டுரை, ரோபோவைப் பற்றி ஒரு கட்டுரை வந்துவிடும். நான் எழுத எடுத்துக்கொண்டது அதைவிடப் பழைய மெஷின், மனித உடம்பு. அது எவ்வளவு லோடு தாங்கும், எவ்வளவு எரிபொருள் கேட்கும், எந்த இடத்தில் நின்று போகும்? இதை நம் லேபில் டெஸ்ட் பண்ண முடியாது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டார்கள். பண்ணியவர் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆர்ட் விங்கேட். அனுபவித்தவர்கள் 'சிண்டிட்' என்ற படையினர். பர்மா புத்தர் கோயில்களின் வாசலில் காவல் நிற்கும் சிங்க உருவத்துக்கு 'சிந்தே' என்று பெயர். அந்தச் சொல்தான் வாய்க்கு வாய் மாறி சிண்டிட் ஆனது.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கே பிழைக்கப் போயிருந்த நம் தமிழர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையையும் காட்டையும் தாண்டி நடந்தே இந்தியா வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அது தனிக் கதை, யாராவது அடுத்த மலரில் எழுதலாம். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான். எந்தக் காட்டை விட்டு ஜனங்கள் தப்பி ஓடி வந்தார்களோ, அதே காட்டுக்குள் மறு வருடமே மூவாயிரம் பேரை விங்கேட் நடத்திக்கொண்டு போனார். அதுவும் எதிரியின் முதுகுப் பக்கம்.

ஏன் முதுகுப் பக்கம்? ராணுவத்துக்கும் வயிறு உண்டு. அரிசி, தோட்டா, மருந்து எல்லாம் பின்னாலிருந்து ரோடு வழியாக வரவேண்டும். ஜப்பானியர்கள் காட்டுக்குள் சுற்றி வளைத்து வந்து அந்த ரோட்டை அறுத்துவிடுவார்கள். ரோடு போனால் பிரிட்டிஷ் படை பின்வாங்கும். மலாயாவிலும் பர்மாவிலும் இதுதான் திரும்பத் திரும்ப நடந்தது. விங்கேட் யோசித்தார். பின்னால் ரோடே இல்லையென்றால் எதை அறுப்பான்? சோறு ஆகாயத்திலிருந்து விழட்டும். எங்கே போட வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிடலாம். அப்புறம் நாம் போய் அவன் ரயில் பாதையை அறுப்போம். சொல்வதற்கு எளிதுதான்!

இந்த வேலைக்குப் பொறுக்கி எடுத்த வீரர்களா போனார்கள் என்றால், இல்லை. அதில் ஒரு பட்டாலியன் லிவர்பூல் நகரத்துக்காரர்கள். பலர் முப்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள், காவல் வேலைக்கென்று இந்தியா வந்தவர்கள். காட்டை சினிமாவில் பார்த்ததோடு சரி. அவர்களோடு ஒரு கூர்க்கா பட்டாலியன், பர்மா ரைபிள்ஸில் இருந்த கரென், கச்சின், சின் இனத்தவர்கள். மத்திய இந்தியாவின் காடுகளில் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது. தாங்காதவர்களைக் கழித்துவிட்டு, மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு 1943 பிப்ரவரியில் சிந்த்வின் நதியைக் கடந்தார் விங்கேட்.

படை ஏழு பிரிவுகளாகப் போனது. ஒரு பிரிவுக்குச் சுமார் 400 பேர், நூறு கோவேறு கழுதைகள். ஆள் ஒன்றுக்கு முதுகில் எழுபது பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 32 கிலோ. துப்பாக்கி, தோட்டா, கையெறி குண்டு, கத்தி, போர்வை, ஐந்து நாள் சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான்.

32 கிலோ ஒரு பாரமா என்று நினைப்பீர்கள். எங்கப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவரிடமே கேட்டேன். "முப்பது கிலோ என்னடா முப்பது கிலோ? ஆனா எறக்கி வைக்க எடம் தெரிஞ்சிருக்கணும்" என்றார். விஷயமே அதுதான். லாரியிலிருந்து குடோன் வரை போவது வேறு. அறுபது கிலோ உடம்பில் பாதி எடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கி, மூங்கில் புதரை வெட்டி வழி செய்து, சாயங்காலம் எங்கே படுப்போம் என்று தெரியாமல் இரண்டு மூன்று மாதம் நடப்பது வேறு. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் நாம் படிக்கிற ஃபெட்டீக் தான் இது. ஒரே தடவை வைக்கிற லோடில் கம்பி உடையாது. சின்ன லோடு திரும்பத் திரும்ப விழும்போது உடையும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சக்கபுரா என்ற கெட்டி பிஸ்கட், பாலாடைக்கட்டி, உலர்ந்த திராட்சை, பாதாம், தேயிலை, சர்க்கரை, உப்பு, சிகரெட். ஒரு நாளைக்கு இரண்டு பவுண்டு கணக்கு. ஐந்து நாளைக்கு ஒரு முறை விமானம் போட வேண்டும் என்பது பேப்பரில் இருந்த திட்டம். எதிரி பக்கத்தில் இருந்தால் தீ மூட்டி இடம் காட்ட முடியாது. நதிக்கு அந்தப் பக்கம் தூரமாகப் போய்விட்டால் விமானத்துக்கு எட்டாது. வயர்லெஸ் ரிப்பேர் ஆனால் கதை முடிந்தது. அந்தக் கால வயர்லெஸ் செட்டையும், பேட்டரியையும், அதை சார்ஜ் செய்கிற இன்ஜினையும் கழுதைகள்தான் சுமந்தன. ஒரு கழுதை ஆற்றோடு போனால் போவது கழுதை மட்டுமில்லை, நானூறு பேரின் சோறும்தான்! ஆகவே ஐந்து நாள் சாப்பாடு பத்து நாளைக்கும் அதற்கு மேலும் இழுக்கப்பட்டது.

1943 மார்ச் 6-ம் தேதி நினைத்த காரியம் நடந்தது. மேஜர் மைக் கால்வர்ட்டின் பிரிவு ரயில் பாதையை எழுபது இடங்களுக்கு மேல் வெடிவைத்து அறுத்தது. அன்று அவருக்கு முப்பதாவது பிறந்த நாள். அதே நாள் பெர்னார்ட் பெர்குசனின் பிரிவு போன்சாங்கில் பாலத்தைத் தகர்த்தது. அங்கேயே திரும்பியிருந்தால் நஷ்டம் குறைவாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் விங்கேட் இன்னும் உள்ளே, ஐராவதியையும் தாண்டிப் போகச் சொன்னார். அந்தப் பக்கம் ஐராவதிக்கும் ஷ்வேலி ஆற்றுக்கும் நடுவில் வறண்ட வெயில் காடு. தண்ணீர் இல்லை. பச்சை மூங்கிலை வெட்டி அதன் கணுவுக்குள் இருந்த நீரைக் குடித்தார்கள். சாப்பாடு தீர்ந்தபோது, அதுவரை கூட நடந்து வந்த கழுதையையே வெட்டித் தின்றார்கள். காடு என்றால் பழம் தொங்கும், மான் ஓடும் என்று நாம் கதையில் படித்திருப்போம். 400 பேர் போகிற வழியில் எந்த மானும் நிற்பதில்லை. சுட்டால் சத்தம் எதிரிக்குக் கேட்கும்.

மார்ச் கடைசியில் திரும்பி வா என்று உத்தரவு வந்தது. வந்த வழியெல்லாம் ஜப்பானியர்கள். பிரிவுகள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து, சில இந்தியாவுக்கும் ஒன்று சீனாவுக்கும் நடந்தன. இங்கேதான் எனக்குப் படிக்கவே கஷ்டமாக இருந்த பகுதி வருகிறது. நடக்க முடியாதவனைத் தூக்க ஆள் கிடையாது. ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர், மாற்று ஆள் நாலு பேர். அவர்களுடைய மூட்டையை யார் தூக்குவது? அதனால் காயம்பட்டவனை, காய்ச்சலில் விழுந்தவனை, தண்ணீர்ப் பாட்டிலும் துப்பாக்கியும் கொடுத்து மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். கிராமம் இருந்தால் கிராமத்தில் விட்டார்கள். ஷ்வேலி ஆற்றைக் கடக்கும்போது பெர்குசனின் ஆட்கள் நடு ஆற்று மணல் திட்டில் மாட்டிக்கொண்டார்கள். மிச்ச ஆறு ஆழம் மார்பு வரைதான், ஆனால் இழுப்பு பயங்கரம். பசியால் காலில் வலு இல்லாத நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். விடிந்தால் ஜப்பானியர் வருவார்கள். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களோடு பெர்குசன் கிளம்பினார். உயிரோடு இருக்கும்வரை அது தன் மனசாட்சியில் இருக்கும், ஆனாலும் அந்த முடிவை மாற்றிச் சொல்ல மாட்டேன் என்ற அர்த்தத்தில் பின்னால் அவரே எழுதினார். அவர் செய்தது சரியா? நான் இதை ஹாஸ்டல் ரூமில் சொன்னபோது ராத்திரி ஒரு மணி வரை சண்டை நடந்தது. பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர், அந்தத் திட்டில் நின்றவன் நீயாக இருந்தால் என்றார்கள்.

மேஜர் ஸ்காட் என்பவரின் பிரிவுக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. காட்டு நடுவில் ஒரு திறந்த வெளி கிடைத்தது. விமானம் இறங்கட்டும் என்று பாராசூட் துணியால் தரையில் எழுத்து எழுத்தாக விரித்தார்கள். 1943 ஏப்ரல் 28-ம் தேதி ஒரு டகோட்டா இறங்கி, நோயாளிகளும் காயம்பட்டவர்களுமாகப் பதினேழு பேரை ஏற்றிக்கொண்டு பறந்தது. மாதக்கணக்கில் நடந்த தூரத்தை அந்தப் பதினேழு பேர் சில மணி நேரத்தில் தாண்டினார்கள்.

மொத்தக் கணக்கு: போனவர்கள் சுமார் 3,000. திரும்பியவர்கள் 2,182. அவர்களிலும் 600 பேர் அதன்பிறகு போர்முனைக்கு லாயக்கில்லாமல் போனார்கள். நடந்த தூரம் ஆயிரம் மைலிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மைல். அறுத்த ரயில் பாதையை ஜப்பானியர்கள் கொஞ்ச நாளிலேயே சரி செய்துவிட்டார்கள். அப்படியானால் லாபம் என்ன? இதைப் பற்றி இன்றுவரை வாதம் நடக்கிறது. ஆனால் விமானத்தை நம்பி ஒரு படை காட்டுக்குள் வாழ முடியும் என்பது தெரிந்தது. ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சி இன்னொரு பாடம் படித்தார். அவர்களால் இந்த மலையைத் தாண்டி வர முடிந்தால் நம்மாலும் முடியும் என்று 1944-ல் இம்பால் மீது படை எடுத்தார். ஆகாயச் சோறு இல்லாமல் போன அந்தப் படையில் குண்டுக்குச் செத்தவர்களைவிடப் பசிக்கும் நோய்க்கும் செத்தவர்களே அதிகம்.

1944-ல் விங்கேட்டுக்கு முன்னைவிடப் பெரிய படையும் அமெரிக்க விமானங்களும் கிடைத்தன. மார்ச் 5 இரவு, இன்ஜினே இல்லாத கிளைடர் விமானங்களைக் கயிறு கட்டி இழுத்துப் போய்க் காட்டு வெளியில் இறக்கினார்கள். பள்ளத்திலும் மரத்திலும் மோதி முப்பது பேர் அளவில் இறந்தார்கள். ஆனாலும் கிளைடரில் வந்த குட்டி புல்டோசரை வைத்து ஒரே நாளில் ரன்வே போட்டு, மறு ராத்திரியே டகோட்டாக்களை இறக்கினார்கள். சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்கவும்! ஒரு வாரத்தில் சுமார் 9,000 பேரும் ஆயிரத்துக்கு மேல் மிருகங்களும் எதிரியின் முதுகில் இறங்கியாயிற்று. கழுதை கத்தினால் காட்டிக் கொடுக்கும் என்று அதன் குரல் நரம்பை முன்கூட்டியே அறுத்திருந்தார்கள். வாயிருந்தும் கத்த முடியாத ஆயிரம் ஜீவன்கள்... விங்கேட் மார்ச் 24-ல் விமான விபத்தில் இறந்துபோனார்.

இந்த முறை சாப்பாடு அமெரிக்காவின் 'கே ரேஷன்'. காலை, மதியம், ராத்திரிக்கு ஒவ்வொரு டப்பா. உள்ளே சின்ன டின்னில் இறைச்சி அல்லது சீஸ், பிஸ்கட், காபித் தூள் அல்லது எலுமிச்சைத் தூள், சர்க்கரை, சிகரெட், சூயிங்கம். மெழுகு பூசிய டப்பாவையே கொளுத்திக் காபி போடலாம், நல்ல டிசைன்தான். ஆனால் அது சில நாட்களுக்கென்று செய்யப்பட்டது. இவர்கள் மாதக்கணக்கில் தின்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று டப்பாவும் சேர்ந்து சுமார் 3,000 கலோரி. பாரத்தோடு மலை ஏறுகிற ஆளுக்குக் குறைந்தது 4,000 வேண்டும். நாளைக்கு ஆயிரம் கலோரி பற்றாக்குறை. ஒரு கிலோ கொழுப்பு எரிந்தால் சுமார் 7,700 கலோரி. ஆகவே வாரத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, நூறு நாளில் பதின்மூன்று கிலோ. உடம்பு தன்னையே தின்கிறது. கொழுப்பு தீர்ந்தால் தசை. அந்த நிலையில் ஒரு கொசுக்கடி போதும்.

கொசுவுக்குப் பஞ்சமே இல்லை. மலேரியாவைத் தடுக்க தினம் மெப்பாக்ரின் மாத்திரை. அதைத் தின்று தின்று தோல் மஞ்சளாகிவிடும். அதையும் மீறிக் காய்ச்சல் வரும். நடந்துகொண்டேதான் காய வேண்டும். வயிற்றுப்போக்கு, உண்ணி கடித்து வரும் டைபஸ், அட்டை கடித்த இடத்தில் ஆறாத புண் எல்லாம் சேர்ந்துகொள்ளும். தொண்ணூறு நாள்தான் தாங்கும் என்று விங்கேட் போட்ட கணக்கு. அவர் போனபிறகு படை அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லின் கைக்குப் போய், தொண்ணூறு நாளும் தாண்டி, மழையும் பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க ஈரத்தில் ஊறி ஊறிப் பாதம் வெளுத்து வீங்கி அழுகும். மொகாங் நகரத்தைப் பிடிக்கிற சண்டையில் மைக்கேல் ஆல்மண்ட் என்ற கேப்டன் அந்தப் பாதத்தோடுதான் சேற்றில் தனியாக எதிரியின் மெஷின்கன்னை நோக்கிப் போய் அடிபட்டு இறந்தார். விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். வயது இருபது. நம் சீனியர்கள் வயது.

இந்த முறை ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. காயம்பட்டால் முடிந்தவரை விமானம் வந்து தூக்கும். சின்ன விமானங்கள் வயல் வரப்பு நீளத்தில் இறங்கின. இந்தாவ்ஜி ஏரியில் பறக்கும் படகுகள் இறங்கி நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயின. போரில் முதன்முதலாக ஹெலிகாப்டர் ஆள் மீட்டதும் இங்கேதான், 1944 ஏப்ரலில். சூட்டிலும் மலைக் காற்றிலும் அதன் இன்ஜின் திணறியதால் ஒரு தடவைக்கு ஒரே ஆள். கீழே விழுந்த விமானத்தின் பைலட்டையும் மூன்று காயம்பட்ட சிப்பாய்களையும் ஒவ்வொருவராக எடுத்தது. நம்மை மரத்தடியில் விட்டுவிட மாட்டார்கள் என்ற எண்ணம் கே ரேஷனைவிடப் பெரிய ஊட்டம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் எல்லா இடத்திலும் விமானம் வரவில்லை. 'பிளாக்பூல்' என்று பெயர் வைத்த முகாமை 111-வது பிரிகேட் மே மாதம் பதினெட்டு நாள் பிடித்து வைத்திருந்தது. ரன்வே எதிரியின் பீரங்கிக்குள் வந்துவிட, மழையில் மலைமேல் ஏறிப் பின்வாங்க வேண்டியதாயிற்று. தூக்கிப் போகவும் முடியாத, பிழைக்கவும் வழியில்லாத பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள். எதிரி கையில் விடாமல் அவர்களைச் சுடுவதற்குத் தானே சம்மதித்ததை, பிரிகேடை நடத்திய ஜான் மாஸ்டர்ஸ் தன் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்தப் பிரிகேடை அதற்குப் பிறகும் சண்டைக்கு அனுப்பினார்கள். ஜூலையில்தான் டாக்டர்களைக் கொண்டு எல்லாரையும் பரிசோதிக்க அனுமதி கிடைத்தது. நின்றிருந்தவர்கள் சுமார் 2,200 பேர். தகுதியானவர்கள் என்று டாக்டர்கள் ஒப்பியவர்கள் 120 பேர்கூட இல்லை, அதிலும் பெரும்பாலோர் கூர்க்காக்கள். மற்றவர்களை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியவர்களுக்கு '111-வது கம்பெனி' என்று பெயர் வைத்து, ஆகஸ்ட் 1 வரை களத்திலேயே நிறுத்தி வைத்தார் மாஸ்டர்ஸ். மேலிடத்துக்கு உறைக்கட்டும் என்றுதான்.