பொத்தான் யார் கையில்?

2000-களின் நடுவில் ஆந்திராவின் குப்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து நெட் சென்டர்களில் 'ஜிடிஏ: வைஸ் சிட்டி' ஓடாத கம்ப்யூட்டரைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் அதன் கதை என்ன என்று கேட்டால் எங்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது. நாயகன் டாமி வெர்செட்டி ஏன் அந்த ஊருக்கு வந்தான், துறைமுகத்தில் அவன் கொண்டுவந்த பணம் எப்படிப் பறிபோனது, அதற்கு அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் கேமின் முதல் சில நிமிடக் காட்சிகளில் வந்துவிடுகிறது. எங்களிடம் இருந்ததோ 'ரிப்' காப்பி. பெங்களூரிலிருந்து யாரோ சிடியில் எழுதிக் கொண்டுவந்தது. அளவைச் சுருக்க வேண்டும் என்று ரேடியோப் பாட்டையும் காட்சிகளின் பேச்சையும் வெட்டி எறிந்திருந்தார்கள். ஆட்கள் வாயை அசைப்பார்கள், சத்தம் வராது. நாங்களும் என்டரைத் தட்டித் தாண்டிப் போய்க் காரைத் திருடுவோம்.

பேச்சு வெட்டப்பட்ட அந்தக் காட்சிகளுக்குக் 'கட்சீன்' என்று பெயர். விளையாடுபவர் கையிலிருந்து கட்டுப்பாட்டைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு, கேம் தானாகவே கதையை நடத்திக் காட்டும் பகுதி. இன்று எனக்குச் சோறு போடுவதும் அதுதான். பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் கட்சீன்களுக்கு அனிமேஷன் செய்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் நைனா ஒரே கேள்வியைக் கேட்பார்: "விளையாடத்தானே காசு குடுத்து வாங்கறாங்க, நடுவுல எதுக்குடா சினிமா?"

நியாயமான கேள்வி. தொழிலில் இருப்பவர்களே இதைப் பற்றி வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள்.

ஆரம்பத்தில் கட்சீன் ஒரு இளைப்பாறல்தான். 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேக்மேன்' விளையாட்டில் இரண்டு கட்டங்களைத் தாண்டியதும் ஒரு குட்டிக் காட்சி வரும். சிவப்புப் பேய் பேக்மேனைத் துரத்திக்கொண்டு ஒரு பக்கமாக ஓடும். மறுநொடி பெரிதாக வளர்ந்த பேக்மேன் அதே பேயைத் திருப்பித் துரத்திக்கொண்டு வரும். விளையாடுகிறவர் விரலை நீட்டி மடக்கிக்கொள்ள அவ்வளவு நேரம் போதும். 1987-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸின் 'மேனியாக் மேன்ஷன்' வந்தபோது ரான் கில்பர்ட் இந்த இடைக்காட்சிகளுக்கு வேறு வேலை கொடுத்தார். நாம் வீட்டின் ஒரு மூலையில் இருக்கும்போது, இன்னொரு மூலையில் அந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று வெட்டிக் காட்டினார். நாம் நடத்தும் பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடும். கட்சீன் என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். இரண்டே வருஷத்தில் ஜோர்டன் மெக்னரின் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' வந்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறைகள் வரைக்கும் வந்து சேர்ந்த கேம் அது. மணற்கடிகாரத்தின் பக்கத்தில் தனியாக நிற்கும் இளவரசியைக் கட்டங்களுக்கு நடுவே காட்டுவார்கள். பேச்சே கிடையாது. மணல் இறங்கியிருப்பதைப் பார்த்தாலே அடுத்த கட்டத்தில் விரல் வேகமாகும்.

எப்படிச் செய்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் காட்சியைக் கட்டம் கட்டமாக வரைவார்கள். அந்தப் படங்களை ஒட்டி ஒரு கச்சா ஓட்டம் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு நடிகர்கள் உடம்பில் குறிப்புள்ளிகள் ஒட்டிய இறுக்கமான உடுப்போடு நடிப்பதைக் கேமராக்கள் பதிவு செய்யும். அந்த அசைவு எங்களிடம் வரும். நழுவும் பாதத்தைத் தரையில் நிறுத்துவதும், தோளைத் துளைத்துக்கொண்டு போகும் கையை வெளியே எடுப்பதும், கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று திருத்துவதும் எங்கள் வேலை. கண்ணுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். பார்வை அரை விரற்கடை விலகினாலும், பாத்திரம் எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பதுபோல ஆகிவிடும்.

கட்சீனில் இரண்டு வகை உண்டு. முன்கூட்டியே செய்து முடித்த வீடியோ ஒன்று. கேம் ஓடும்போதே அதன் உருவங்களை வைத்து நடத்திக் காட்டுவது மற்றொன்று. வீடியோ கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் இடத்தை விழுங்கும். 1997-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7' மூன்று சிடிகளில் வந்ததற்கு அந்த வீடியோக்கள் பெரிய காரணம். இரண்டாவது வகைக்கு வேறு தொல்லை. 'ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்' கேமில் நாயகன் சிஜேவுக்கு நாம் என்ன உடுப்பு மாட்டுகிறோமோ அதோடுதான் அவன் காட்சியிலும் வருவான். அண்ணன் தம்பி உருக்கமாகப் பேசும் இடத்தில் வெறும் ஜட்டியோடு நிற்பான். ஆனாலும் எனக்கு இந்த வகையைத்தான் பிடிக்கும். நான் உடுத்திவிட்ட ஆள், நான் மண்ணில் புரட்டிய ஆள், அதே கோலத்தில் கதைக்குள் நிற்கிறான்.

நைனாவின் கேள்விக்கு நான் பதிலைத் தேடிப்போன இடம் எங்கள் பக்கத்துப் பாரதம். திரௌபதி அம்மன் கோயில்களில் பல ஊர்களில் 18 நாள் பாரதம் வைப்பார்கள். குப்பத்தைச் சுற்றி ஒரு ஊரில் தமிழில் நடக்கும், அடுத்த ஊரில் தெலுங்கில். பகலில் கதை சொல்வார்கள். ராத்திரி கூத்து. முக்கியமான நாள்களில் கதை மேடையை விட்டு இறங்கி ஊருக்குள்ளேயே வந்துவிடும். அர்ஜுனன் தபசு அன்று, வேஷம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரப் புடவையோடு கீழே இருப்பார்கள். மேலேயிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழம் தன் மடியில் விழுமா என்று ஒவ்வொருத்தியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே நடிப்பவர் யார், பார்ப்பவர் யார் என்று பிரிக்க முடியாது.

கடைசி நாள் படுகளம். களிமண்ணில் செய்த துரியோதனன் மைதானத்தை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பான். பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்து வைத்த சிவப்பு நீர் பீறிடும். பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தலில் பூசி முடிப்பாள். சாயங்காலம் தீமிதி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. துரியோதனனை அடிப்பது பீமன் பாடு, ஊர் ஜனம் பார்த்துக்கொண்டு நிற்கும். தீயை மட்டும் ஒருவருக்காக இன்னொருவர் மிதிக்க முடியாது. காப்புக் கட்டிக்கொண்டவர் தன் காலாலேயே மிதிக்க வேண்டும். எதைக் காதால் கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்க்க வேண்டும், எதை உடம்பால் செய்ய வேண்டும் என்று 18 நாளுக்கும் பிரித்து வைத்திருக்கிறார்கள். கட்சீன் செய்கிறவன் தினம் தினம் முட்டி மோதுவது இந்தக் கணக்கோடுதான்.

அந்தக் கணக்கு நேராக அமைந்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன். 'ஃபைனல் ஃபேன்டசி 7'-இல் ஏரித் என்ற பெண் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருப்பாள். நாயகன் கிளவுடை நாம்தான் அவளருகே நடத்திப் போகிறோம். அங்கே போய் நின்றதும் கன்ட்ரோலரின் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அவன் கை வாளை நோக்கிப் போகும். நம் விரலே அவளுக்கு எதிராக வேலை செய்கிறது என்று தெரியும்போது அடிவயிறு கலங்கும். கூட்டாளிகள் கத்த, அவன் சுதாரித்து நிற்பான். அந்த நொடியில் வில்லன் செஃபிராத் மேலேயிருந்து வாளோடு இறங்குகிறான். அது முழு வீடியோ. நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடியாது என்பதுதான் அந்த இடத்தின் கதை. உடனே ஒரு சண்டை தொடங்கும். ஆனால் சண்டைப் பாட்டு வராது. ஏரித்துக்காக ஒலித்த அதே இசை ஓடிக்கொண்டிருக்க, நாம் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்போம்.

2004-இல் ஹிடியோ கோஜிமா செய்த 'மெட்டல் கியர் சாலிட் 3' இதற்கு நேர் எதிர். ஸ்நேக் என்ற வீரன், தனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்த குருவான 'தி பாஸ்' என்ற பெண்ணை வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளியில் வீழ்த்த வேண்டும். வீழ்த்தியதும் கட்சீன். அவள் கிடக்கிறாள், அவன் துப்பாக்கியைக் குறிபார்த்து நிற்கிறான், கேமரா விலகிப் போகிறது. அப்படியே நிற்கிறது. சினிமா ஓடுகிறது என்று நினைத்துக் கன்ட்ரோலரைக் கீழே வைத்தவர்கள் உண்டு. கொஞ்சம் கழித்துத்தான் புரியும்: சுட வேண்டியது நாம். பொத்தானை அழுத்தும்வரை அந்தக் காட்சி நகராது. முதல்முறை விளையாடியபோது நெடுநேரம் அதை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். கோஜிமாவின் கட்சீன்கள் நீளம் என்று திட்டுகிறவர்கள் ஏராளம். எனக்கும் சில இடங்களில் அந்த எண்ணம் உண்டு. ஆனால் இந்த ஒரு காட்சிக்காக அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கணக்குத் தப்பும் இடங்களும் நிறைய. பெரிய எதிரியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்திருப்போம். கட்சீன் வரும், அதில் நம் ஆள் தோற்று விழுந்து கிடப்பான். நம் கை செய்ததைக் கதை பிடுங்கிக்கொள்கிறது. இதைவிட எரிச்சலானது, தோற்ற ஒவ்வொரு முறையும் சண்டைக்கு முந்தைய நீளமான காட்சியை முதலிலிருந்து ஓட்டுவது. தாண்டிப் போகும் பொத்தான் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் நான் விடாமல் வாதாடுகிறேன். மாதக்கணக்கில் செய்த காட்சியை ஒருவர் ஒரே தட்டில் தாண்டிப் போகலாம். போகட்டும். அந்த உரிமை அவருக்கு வேண்டும்.

நம் நாட்டிலும் இதை நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். புனேயின் 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' 2020-இல் வெளியிட்ட 'ராஜி' கேமில், அசுரர்கள் தூக்கிப்போன தம்பி கோலுவைத் தேடி அக்கா ராஜி போகிறாள். விஷ்ணுவும் துர்க்கையும் கதையைப் பேசிக்கொண்டே வருவார்கள். கட்சீன்கள் தோல்பாவைக் கூத்துப் பாணியில் இருக்கும். எங்கள் மாநிலத்திலேயே நிம்மலகுண்டாவில் இன்றும் தோல்பாவை செய்கிறார்கள், அதனால் பார்த்த உடனே ஒட்டிக்கொண்டது. தொழில்காரனாகவும் எனக்கு அது பிடித்தது. பாவைக்கு முகத்தசை அசைய வேண்டாம், கண்ணைத் திருத்தும் தலைவலி இல்லை. மூட்டுகள் திரும்பினாலே உணர்ச்சி வந்துவிடும். சின்னக் குழுவுக்குக் கட்டுப்படியாகும் வழி.

2023-இல் டொரண்டோவின் 'விசை கேம்ஸ்' கொண்டுவந்த 'வெண்பா' வேறு ரகம். 1980-களின் கடைசியில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை வாங்கியது. அதில் நம் கை செய்வது சமையல். கறைபட்டுக் கிழிந்த அம்மாவின் சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழாயில் எதை முதலில் போடுவது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சமையலுக்கும் அடுத்ததற்கும் நடுவே உரையாடல் காட்சிகள், கூடவே வருஷங்கள் ஓடிவிடும். மகன் கவின் வளர்ந்து விலகிப் போவான். அடுப்பு நம் கையில் இருக்கிறது, வருஷங்கள் இல்லை. தாயாக விளையாடும் யாருக்கும் இந்தப் பிரிவினை எவ்வளவு சரி என்று விளக்க வேண்டியதில்லை.

இன்று குப்பத்துப் பையன்கள் விளையாடுவது பெரும்பாலும் போனில், ஃப்ரீ ஃபயர் மாதிரிச் சுடும் கேம்கள். அவற்றில் கதைக்கு வேலை குறைவு. கதையுள்ள பெரிய கேம்களை அவர்கள் யூடியூபில் பார்க்கிறார்கள். யாரோ ஒருவர் விளையாடிக்கொண்டே தமிழில் கதையை விளக்குவார், அல்லது கட்சீன்களை மட்டும் ஒட்டிப் படமாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலான பெரிய கேம்களில் தமிழும் தெலுங்கும் இல்லாததால், அந்த விளக்குகிறவர்தான் பாலம். கூத்தில் திரைக்குப் பின்னால் பாடிக்கொண்டு வரும் வேஷத்தை, "நீங்கள் யார், எந்த ஊர்?" என்று ஜனங்களுக்காகக் கேட்டு வைக்கும் கட்டியக்காரன் செய்யும் அதே உதவி.

இங்கிலீஷ் தெரியாத பையனுக்குப் பேச்சால் மட்டும் நகரும் கட்சீன் பயன்படாது. அதனால் நான் செய்த காட்சி எதையும் ஒப்படைக்குமுன் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுவேன். யார் யாரிடம் பயப்படுகிறார், யார் பொய் சொல்கிறார் என்பது தெரியவில்லை என்றால் திரும்ப வேலை பார்ப்பேன். வாய் மட்டும் அசைந்த அந்த வைஸ் சிட்டி காப்பி கற்றுக்கொடுத்த பழக்கம் இது.

ரொம்ப நாளாகப் படுகளத்தை ஒரு கேமாகச் செய்து பார்க்க ஆசை. முதலிலிருந்து பாஞ்சாலியாகத்தான் விளையாட வேண்டும். சபையில் துகில் உரியும் காட்சியில் கட்டுப்பாடு நம்மிடம் இருக்காது. வனவாசம் முழுக்க விரிந்த கூந்தலோடு நடக்க வேண்டும். முள்ளில் சிக்கும், காற்றில் முகத்தை மறைக்கும், முடிந்துகொள்ள வழியே இருக்காது. கடைசியில் பீமன் அடிப்பது கட்சீனாக ஓடட்டும். கூந்தலை முடியும் இடத்தில் காட்சி நிற்க வேண்டும், பொத்தான் விளையாடுபவர் கையில்.

எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரிடம் லேப்டாப்பில் படங்களைக் காட்டி இதைச் சொன்னேன். பொறுமையாகப் பார்த்தார். "பீமனை வேணும்னா குடு தம்பி. கதாயுதத்தை எவன் தூக்கினாலும் கதாயுதம்தான். கூந்தலைக் குடுக்காத. பாஞ்சாலி வேஷம் கட்டறவனே விரதம் இருந்துதான் அன்னிக்கு முடியறான். பட்டன் அமுக்கறவன் விரதம் இருப்பானா?"

"அவ்வளவு தூரம் விரிச்ச கூந்தலோட நடந்து வராங்களே வாத்தியாரே, அதான் விரதம்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த பாரதத்துக்குள் அந்த ஒரு காட்சியை மட்டுமாவது செய்து முடித்து, கன்ட்ரோலரை முதலில் அவர் கையிலேயே கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.