வீட்டுக்குள் ஒரு பவளத்திட்டு – 7: அகலத்தில் தொடங்குங்கள்

கொளத்தூரில் தொட்டி செய்பவர்களிடம் போய் நின்றால், "எத்தனை அடிண்ணே?" என்றுதான் பேச்சு தொடங்கும். அவர்கள் கேட்பது நீளம். வாங்க வந்தவர் நீளத்தைச் சொல்லிவிட்டு, "உயரம் மட்டும் கொஞ்சம் நல்லா வரட்டும்" என்பார். முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே எவ்வளவு என்பது பேச்சிலேயே வராது. ஒன்றரை அடி என்று தானாக முடிவாகிவிடும். நன்னீர் மீன்களுக்கு அது பழுதில்லை. கடல்திட்டுத் தொட்டிக்கு வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் அகலம், அடுத்து நீளம், கடைசியில் உயரம்.

18 அங்குல அகலத்தை எடுத்துக்கொள்வோம். முன், பின் கண்ணாடிகளின் தடிமனிலேயே ஓர் அங்குலம் போய்விடும். பாசி வழிக்கும் காந்தம் முன்கண்ணாடியில் தடையில்லாமல் ஓடவும், வளர்கிற உயிர்கள் கண்ணாடியில் உரசாமல் இருக்கவும் 4 அங்குலம் விட வேண்டும். பாறைக்குப் பின்னால் நீர் சுற்றிவர இன்னொரு 3 அங்குலம். மிஞ்சுவது 10 அங்குலம். அந்த இடத்தில் பாறையை எப்படி அடுக்கினாலும் பின்கண்ணாடியில் சாய்த்துவைத்த சுவராகத்தான் நிற்கும். அகலத்தை 30 அங்குலமாக்கிப் பாருங்கள். கழித்த 8 அங்குலம் அப்படியேதான் இருக்கும். திட்டுக்கு 22 அங்குலம் கிடைக்கும். கூடுதலாகச் செலவழித்த ஓரடியும் முழுசாகத் திட்டுக்கே சேர்கிறது. இரண்டு தனித்தனி மேடுகள், நடுவில் மணல் ஓடை, ஒரு பக்கம் குகை, மேலே நிழல்தரும் விளிம்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் சாத்தியம். மீன் ஒரு மேட்டின் பின்னால் மறைந்து இன்னொன்றின் ஓரத்தில் வெளிப்படும்.

அப்படியானால் 3 அடி, 4 அடி என்று போகலாமே? அங்கே நம் கை நீளம் குறுக்கிடும். ஒட்டிவைத்த சிறு துண்டு ஒன்று பிடி விட்டு பாறைக்குப் பின்னால் மணலில் விழுகிறது. ஸ்டூலில் ஏறி, விளக்கைத் தூக்கிக் கட்டிவிட்டு, விளிம்பில் நெஞ்சை அழுத்திக் குனிகிறோம். தோள்வரை தண்ணீருக்குள் போய், மோவாய் நீரைத் தொடும்போது விரல்நுனிக்கும் அந்தத் துண்டுக்கும் இன்னும் ஒரு சாண் இடைவெளி. நீளமான இடுக்கி வேண்டும். அதை நீட்டும்போது பக்கத்தில் இருப்பதைத் தட்டிவிடாமலும் இருக்க வேண்டும். வாரம் தவறாமல் வரும் வேலை இது. இரண்டு பக்கமும் நின்று கைவிட முடிகிற இடம் இருந்தால் 3 அடி வைத்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டி நிறுத்துவதானால் இரண்டரை அடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. விளக்குக் கணக்கும் அதற்கே ஒத்துவரும். பரவலாகக் கிடைக்கும் எல்.இ.டி. விளக்கு ஒன்று சுமார் 2 அடிச் சதுரத்துக்கு வெளிச்சம் தரும். 6 அடிக்கு மூன்று போதும். அகலம் 3 அடியானால் இரண்டாவது வரிசை தேவைப்படும். விளக்கின் விலையும் மின்கட்டணமும் இரட்டிப்பாகும்.

நீளத்தை மீன் முடிவு செய்கிறது. 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் டோரியாக வரும் நீல சர்ஜன் மீனை எல்லாக் குழந்தைகளும் கேட்கிறார்கள். கடையில் மூன்று விரல் நீளத்தில் இருக்கும் அது, வளர்ந்தால் ஓரடி வரை வரும். நாளெல்லாம் ஓடித் திரியும் இனம். 4 அடித் தொட்டியில் அது திரும்பத் திரும்ப மூலையில் மோதித் திரும்புவதைப் பார்ப்பது வேதனை. 6 அடி இல்லையென்றால் அந்த மீன் வேண்டாம். குழந்தையிடம் அதைச் சொல்லிவிடலாம்.

இனி உயரம். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்பது பள்ளிப் பாடம். 6 அடி நீளத் தொட்டியில் 2 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் முன்கண்ணாடியைத் தள்ளும் மொத்த விசை சுமார் 340 கிலோ எடைக்குச் சமம். ஆழத்தை 3 அடியாக்கினால் அது 760 கிலோவைத் தாண்டும். ஆழம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்கு. மேலே குறுக்குப் பட்டை வைத்து 12 எம்.எம். கண்ணாடியில் முடிகிற வேலை 19 எம்.எம். வரை இழுத்துக்கொண்டு போகும். அடித்தளத்துக்கு வெளிச்சம் சேர விளக்கையும் கூட்ட வேண்டும். இவ்வளவுக்கும் பாறை வைக்க ஓர் அங்குலம் கூடத் தரை கூடுவதில்லை. அமெரிக்காவில் 180 காலன், 210 காலன் என்று விற்கும் வழக்கமான தொட்டிகள் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே: 6 அடிக்கு 2 அடி. அந்த 30 காலனும் உயரத்தில் மட்டும் கூடுகிறது. அதே தண்ணீரை அகலத்தில் கொடுத்தால் திட்டுக்குச் சில அங்குலம் கிடைத்திருக்கும். உயரம் 2 அடி போதும்.

ஆக, 6 × 2½ × 2. கொள்ளளவு 850 லிட்டர். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற ஒவ்வொரு முறையும் 3 கிலோ உப்பு வேண்டும். கண்ணாடி, ஸ்டாண்ட், பாறை, கீழேயிருக்கும் சம்ப் என்னும் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் டன்னை நெருங்கும். அது நிற்பது வெறும் 15 சதுர அடியில். வீட்டு அறைகளுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. தொட்டிக்கு அடியில் அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் வருகிறது. அறை முழுக்கப் பரவும் சுமைக்கான எண் அது என்பதால் தொட்டி வைத்தாலே தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் மாடி வீட்டில் பீம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் வைக்கக் கூடாது. கட்டட வரைபடத்தோடு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பார்த்துவிடுங்கள்.

பாறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பல்லாண்டு காலம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டியெடுத்ததில் கரையோரத் திட்டுகள் அழிந்ததைக் கண்டிருக்கிறோம். "நல்ல லைவ் ராக் சார், கடல்லேர்ந்து நேரா வந்தது" என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். சிமென்ட்டிலோ பீங்கானிலோ செய்த பாறை போதும். சில மாதங்களில் அதிலும் பாக்டீரியா குடியேறிவிடும்.

அளவு முடிவானதும் தரையில் சாக்பீஸால் 6 அடிக்கு இரண்டரை அடி கோடு போடுங்கள். பின்னால் குழாய்க்கு 4 அங்குலமும் முன்னால் ஸ்டூலுக்கு 2 அடியும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம் வாசல் அகலத்தையும் லிஃப்ட்டையும் மாடிப்படித் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அவற்றில் ஒன்றில் நுழையாவிட்டாலும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. கண்ணாடிகளைத் தனித்தனியாக மேலே ஏற்றி, அந்த இடத்திலேயே சிலிக்கான் போட்டு ஒட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டியபின் ஒரு வாரமாவது காயவிட்டுத் தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: சம்ப்)