மோட்டார் வண்டியின் புத்துருவம்

துறையூரைக் கடந்து பச்சைமலைமீது வளைந்து வளைந்து ஏறும் பாதையில், தாழ்ந்த உடலும் நீண்ட வடிவமும் கொண்ட சொகுசு மோட்டார் வண்டியொன்றைச் செலுத்துவோர் மலையின் எழிலை நோக்கார். அடிப்புறம் தரையில் உரசுமோ என்றே அஞ்சுவர். அவ்வண்டிக்கு உருவமைத்தவர் இத்தகைய பாதைகளை மனத்திற் கொண்டனரா? இனி வரும் புதுவடிவிலேனும் கொள்வரா? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஜெர்மனி நாட்டு பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தாரின் மூன்றாம் வரிசை வண்டி நடுத்தர அளவினது. 1975-ல் தோன்றிய அது, 2018-க்குள் ஏழு தலைமுறைகளைக் கண்டுவிட்டது. சென்னைக்குத் தெற்கே 2007-ல் திறக்கப்பட்ட அவர்தம் தொழிற்சாலையில் முதன்முதல் உருவான வண்டிகளுள் இதுவும் ஒன்று. எனவே இதன் அடுத்த வடிவம் நமக்கு அயலானதொரு செய்தியன்று.

அடுத்த வடிவை உய்த்துணர ஆரூடம் வேண்டா. காரணங்களை அறிந்தாற் போதும். அவை மூன்று.

முதலாவது, காற்று. வேகம் இரு மடங்காயின் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆதலின் முகப்பு மேலும் வழுவழுப்பாகும். கூரை பின்னோக்கி மேலும் சரியும்.

இரண்டாவது, மின்கலம். மின்வண்டியில் அது தளத்தின்கீழ்ப் பரப்பப்படுகிறது. பாரம் கீழே தங்குதலால் திருப்பங்களில் வண்டி நிலைகுலையாது. ஆயின் தளம் உயர்கின்றது. அமர்வோரின் முழங்கால்களும் உடன் உயர்கின்றன. இக்குறையை நீக்கக் கூரையை உயர்த்தல் வேண்டும்; அன்றேல் வண்டியை நீட்டிக் கால் நீட்ட இடந்தருதல் வேண்டும்.

மூன்றாவது, உரிமையாளர் அமருமிடம். நம் நாட்டில் சாரதியை அமர்த்திக்கொண்டு தாம் பின்னிருக்கையில் அமர்வோர் பலர். அவர்பொருட்டே 2021-ல், சக்கரங்களின் இடைத்தூரம் 110 மில்லிமீட்டர் மிகுந்த நீண்ட வடிவம் இந்தியாவில் வெளிவந்தது. வாங்குவோர் சொல் வடிவமைப்போர் செவியில் ஏறும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் இடைத்தூரம் மிகுந்தால், மேட்டின் உச்சியையோ வேகத்தடையையோ கடக்கும்போது வண்டியின் வயிறு தட்டும் வாய்ப்பும் மிகும். ஒரு வசதி மற்றொரு தொல்லையை ஈன்றது காண்க.

இவற்றை ஒப்புநோக்கின், நம் நாட்டிற்கு வரும் புத்துருவில் இடைத்தூரம் குறையாதென்றும், தரைக்கும் அடிப்புறத்திற்கும் உள்ள இடைவெளி சற்று உயருமென்றும் யான் கருதுகிறேன்.

இவ்விடத்து நம் மாகாணத்துப் பழைய பாடமொன்று நினைவுகூரத்தக்கது. சென்னையையடுத்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் சொகுசு வண்டியை வெளியிட்டனர். அதன் உடல், இங்கிலாந்தில் 1976-ல் வெளிவந்து புகழ்பெற்ற ரோவர் வண்டியினது. நம் சாலைகளுக்கேற்ப அதனைத் தரையினின்று சிறிது உயர்த்தவும் செய்தனர். ஆயின் உள்ளே பூட்டியதோ பல்லாண்டுகட்கு முந்தைய எஞ்சின். எழிலுக்கேற்ற ஆற்றலின்மையால் மக்கள் அதனை ஏற்றிலர். 1988-ல் உற்பத்தி நின்றது. இதற்கு மறுதலையாக, அம்பாஸடர் வண்டியோ 1950-களின் இறுதி முதல் 2014 வரை உருவம் பெரிதும் மாறாதே நின்று ஓய்ந்தது. மாறாமையும் தவறு, ஆடையை மட்டும் மாற்றுதலும் தவறு.

பொறியியல் பயில விழையும் இளைஞர்காள்! புதிய வண்டியொன்றைக் காணின் அதன் முகப்பழகில் மயங்கற்க. குனிந்து அடிப்புறத்தை நோக்குமின். எஞ்சினையோ மின்கலத்தையோ வினவுமின். பச்சைமலைப் பாதையில் அச்சமின்றி ஏறும் வண்டியே நமக்குரிய சொகுசு வண்டி. அதனை வரையும் கரம் உங்களுள் ஒருவருடையதாகுக.