நோட்டீஸ் ஒட்டியாச்சு... எங்கே? கம்ப்யூட்டருக்குள்ளே!

நாள் கடந்தால் ஆட்சேபணை போச்சு; பொதுமக்கள் உஷார்!

சென்னை, மதுரை, கோவை என்று எந்த ஊர் கார்ப்பரேஷனை எடுத்துக்கொண்டாலும் சரி, ஏலம், டெண்டர், வரி விஷயம் என்று பல அறிவிப்புகள் இப்போது கம்ப்யூட்டரில் வந்துவிடுகின்றன. ஆபீஸ் படியேறி, அறிவிப்புப் பலகையை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. செல்போனில் தட்டினால் போதும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், "உங்கள் தெரு விஷயமாக ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்று யார் வந்து சொல்வது? அங்கேதான் சிக்கல்!

தண்டோரா

முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்..." என்று குரல் கேட்டதும் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

2022-ம் ஆண்டு ஆகஸ்டில் அந்த வழக்கத்துக்கு அரசு முற்றுப்புள்ளி வைத்தது. அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அந்த வேலையை ஒரு சாராரின் தலையிலேயே ஊர் கட்டி வைத்திருந்ததால் இந்த முடிவு சரியானதே.

ஆனால் தண்டோராவுக்கு ஒரு குணம் இருந்தது. அது ஜனங்களைத் தேடி வந்தது. கம்ப்யூட்டர் நோட்டீஸையோ ஜனங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

பெட்டியும் இல்லை, அடியாளும் இல்லை

கம்ப்யூட்டரால் நன்மை இல்லையா? ஏன் இல்லை! டெண்டர் ஒன்றே போதும்.

டெண்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அடியாட்களை நிறுத்துவது, போட்டிக்கு வருபவரை வழிமறிப்பது, படிவமே கைக்குக் கிடைக்காமல் செய்வது என்று நடந்த தகராறுகள் போலீஸ் ஸ்டேஷன் வரை போனதுண்டு. டெண்டரில் ஒளிவுமறைவு கூடாது என்று 1998-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டு வந்தார்கள்.

இப்போது டெண்டரைக் கம்ப்யூட்டரில் பார்த்து, கம்ப்யூட்டரிலேயே போடலாம். பெட்டியும் இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட ஆளும் இல்லை! காண்டிராக்டர்கள் உள்ளுக்குள் பேசி வைத்துக்கொள்வது வேறு கதை.

60 நாள் கெடு

காண்டிராக்டர் தினமும் கம்ப்யூட்டரைப் பார்ப்பார். அது அவர் பிழைப்பு. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து ராத்திரி பத்து மணிக்குப் பூட்டுகிறவர் பார்ப்பாரா? "எங்கே சாமி ஒட்டினாங்க?" என்று அவர் கேட்கும்போது கெடு முடிந்திருக்கும்.

2013-ம் ஆண்டின் மத்திய நிலம் எடுப்புச் சட்டப்படி, முதல் அறிவிப்பு வெளியான 60 நாளுக்குள் ஆட்சேபணை கொடுத்தாக வேண்டும். சொந்த நிலம் போகிறது என்பதே தெரியாமல் அந்த 60 நாளும் ஓடிவிட்டால் என்ன ஆவது?

சட்டம் எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. அரசிதழ், உள்ளூரில் விற்பனையாகும் இரண்டு நாளிதழ்கள் (அதில் ஒன்று அந்த வட்டார மொழியில்), பஞ்சாயத்து அல்லது நகராட்சி முதல் தாலுகா, கலெக்டர் ஆபீஸ் வரை உள்ளூர் மொழியில் அறிவிப்பு, அரசின் இணையதளம், நிலம் இருக்கும் பகுதி - இந்த ஐந்து இடத்திலும் வெளியிட வேண்டும் என்கிறது சட்டம்.

கவனியுங்கள், ஐந்தில் ஏதோ ஒன்று அல்ல. ஐந்திலும்! "கம்ப்யூட்டரில் போட்டுட்டோம், வேலை முடிஞ்சுது" என்று யாரும் கையைக் கழுவ முடியாது.

புரியாத பாஷையில்...

கண்ணில் பட்டாலும் படிக்க முடியவேண்டுமே! 2020-ல் மத்திய அரசு, தொழிற்சாலை, சுரங்கம் போன்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுப்பது பற்றி ஒரு வரைவு வெளியிட்டது. மக்கள் கருத்துச் சொல்ல 60 நாள். ஆனால் வெளியானதோ இங்கிலீஷிலும் இந்தியிலும்!

விஷயம் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி அந்த ஆண்டு ஜூன் 30-ந் தேதி கோர்ட் சொன்னது. கெடுவும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது.

2025-ல் பீகார் வாக்காளர் பட்டியல் விவகாரம் வந்தது. வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பேரின் பெயர் இல்லை. விடுபட்ட பெயர்களைக் காரணத்துடன் இணையதளத்தில் போடச் சொன்ன சுப்ரீம் கோர்ட், அதோடு நிறுத்தவில்லை. உள்ளூர் ஆபீஸ்களிலும் ஒட்ட வேண்டும், பத்திரிகை, ரேடியோ, டி.வி.யிலும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. இணையதளமும் வேண்டும், ஒட்டுகிற பசையும் வேண்டும்!

என்ன செய்யலாம்?

நோட்டீஸ் கண்ணில் பட்டால் மூன்று விஷயத்தை முதலில் பாருங்கள். வெளியான தேதி என்ன, ஆட்சேபணைக்குக் கடைசி நாள் எது, எந்த ஆபீசில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை உடனே செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று இருக்கும் பக்கம் நாளை இல்லாமல் போகலாம்.

ஆட்சேபணையை வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்வது நல்லது.

நோட்டீஸே கண்ணில் படவில்லையா? 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 4-வது பிரிவு, தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியையும் அந்த இடத்துக்கு ஏற்ற வழியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அறிவிப்புப் பலகை, பத்திரிகை, இணையம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

"எந்தத் தேதியில், எந்தச் சுவரில் ஒட்டினீர்கள்? எந்தப் பத்திரிகையில் போட்டீர்கள்?" என்று மனுப் போட்டுக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒட்டவே இல்லை என்று அந்தப் பதிலில் தெரியவந்தால், வழக்காடும்போது அந்தக் காகிதம்தான் கை கொடுக்கும்.