கடல் கடந்தோரும் வீசா விதியும்

வவுனியா நகரிலே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் அமைந்திருத்தலை இப்பகுதியார் யாவரும் அறிவர். கடவுச்சீட்டு நாடி அங்கு வருவோருள் இளைஞர் பலர். நெளுக்குளத்திலிருந்தும் செட்டிகுளத்திலிருந்தும், கிளிநொச்சி முல்லைத்தீவுப் புறங்களிலிருந்தும் வரும் அவர்களிடையே என்னிடம் பயின்ற மாணாக்கர் சிலரையும் யான் கண்டதுண்டு. "எந்த நாடு?" என்று வினவினால் விடை உடனே வருகின்றது. "எவ்வகை வீசா? அதன் விதிகள் யாவை?" என்று வினவினாற் பலர் விழிக்கின்றனர். "போய்ச் சேர்ந்தாற் போதும், சேர், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்றான் ஒருவன். இக்கட்டுரை அவன் கூற்றுக்கு மறுமொழியாக எழுதப்படுவது.

முத்திரையும் அதன் வரலாறும்

நாடு விட்டு நாடு செல்வோர் அரசின் இசைவு பெறுதல் வேண்டும் என்பது நேற்று முளைத்த வழக்கமன்று. கௌடிலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரம் முத்திரைச்சீட்டு வழங்குதற்கென்றே ஓர் அதிகாரியைக் குறிப்பிடுகின்றது. சீட்டின்றிச் செல்வோனுக்கு 12 பணம் தண்டம். பொய்ச்சீட்டுக் காட்டுவோனுக்கு அதனினும் மிக்க தண்டம். அப்பொய்யைச் செய்தவன் அந்நிய நாட்டானாயின் யாவற்றினும் உயர்ந்த தண்டம் என அந்நூல் வரையறுக்கின்றது. இவ்வரிசை கருதத்தக்கது. சீட்டின்மை ஒரு குற்றம். பொய் அதனிற் பெரிது. விருந்தினனாய் வந்தவன் சொல்லும் பொய் எல்லாவற்றினும் பெரிது. இன்றைய நாடுகள் பலவற்றின் சட்டங்களிலும் இக்கருத்தின் சாயலைக் காணலாம்.

நம் நாட்டைப் பொறுத்தவரை, இந்தியாவுக்கும் இலங்கைக்குமிடையே நெடுங்காலம் போக்குவரவு எளிதாகவே நடைபெற்று வந்தது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்ததன் பின்னர், அதுவரை வழக்கமான பயணமாயிருந்தது அனுமதியின்றேற் குற்றமாயிற்று. அதன் பின்னரும் பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து இரவிற் கரையேறினோர் உளர். அவர்களைக் குறிக்க எழுந்ததே 'கள்ளத்தோணி' என்னுஞ் சொல். ஆயின் அச்சொல் அவர்களோடு நின்றதோ? இல்லை. நூறாண்டுக்கு மேலாக இந்நாட்டின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மக்கள் மீதும் அது வசையாக வீசப்பட்டது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வன்னியிற் குடியேறிய குடும்பங்களின் முதியோர் அச்சொல்லின் சுடுதலை நன்கு அறிவர். சிலர் விதி கடந்ததன் பழியை, விதி கடவாத பலர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தனர். இஃது நாம் மறவாதிருக்க வேண்டிய முதற்பாடம்.

வீசா என்பது யாது?

கடவுச்சீட்டு என்பது நம் அரசு நம்மைப் பிற அரசுக்கு அறிமுகஞ் செய்யும் ஆவணம். வீசா என்பது பிற அரசு நமக்கு அளிக்கும் நிபந்தனையுடன் கூடிய இசைவு. அதனுள் மூன்று கூறுகள் அடங்கும். எக்காரியத்துக்காக வரலாம் என்பது ஒன்று. எத்துணைக் காலந் தங்கலாம் என்பது மற்றொன்று. தங்குங்கால் எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யலாகாது என்பது மூன்றாவது. ஆகவே, வீசாவை வெறும் வாயிற் கதவின் திறவுகோல் என எண்ணுதல் பிழை. அது விண்ணப்பித்தோன் தன் கையொப்பமிட்டுக் கொடுத்த வாக்குறுதியுமாகும். வாசலைக் கடந்த பின்னரும் அவ்வாக்கு அவனைத் தொடர்கின்றது.

அவ்வாக்கினைப் பிறழ்தலும் மூவகைப்படும். காலங் கடந்து தங்குதல் ஒன்று. காரியத்தை மாற்றுதல் இரண்டு. பொய்யுரைத்துப் பெறுதல் மூன்று. இவற்றை முறையே நோக்குவாம்.

காலங் கடந்து தங்குதல்

சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் காலங் கடந்து தங்குவோர்க்கு 6 மாதம் வரை சிறையும், ஆடவராயின் 3 பிரம்படிக்குக் குறையாத தண்டனையும் சட்டத்தில் உள்ளன. மலேசியாவிலோ இக்குற்றத்திற்கு 10,000 ரிங்கிற்றுக்குக் குறையாத தண்டம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளிற் குறுங்கால வருகையாளர் எந்த 180 நாளிலும் 90 நாளே தங்கலாம். முன்னர் அதிகாரி முத்திரைகளை எண்ணிப் பார்த்தே இதனைக் கணித்தார். 2025 ஒக்டோபர் 12 முதல் விரற்பதிவும் முகப்படமுங் கொண்ட கணினிப் பதிவு முறை அங்குத் தொடங்கியுள்ளது. கணினி கண்ணயர்வதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வகையில் நுட்பமானது. 180 நாளுக்கு மேல் ஓராண்டுக்குட்பட்டு அனுமதியின்றித் தங்கி வெளியேறினோர் 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கி வெளியேறினோர் 10 ஆண்டும் மீள நுழைதல் தடுக்கப்படும். வெளியேறும்போதே இத்தடை பிறக்கின்றது என்பதைக் கவனிக்க. எனவே காலங் கடந்தவன் வெளியேற அஞ்சி மேலும் தங்குகின்றான்; தங்கத் தங்கத் தடை நீள்கின்றது. உள்ளே வர வழி தேடியவன் ஈற்றில் வெளியே செல்ல வழியின்றி அடைபடுகின்றான்.

யான் அறிந்த ஒருவர் மேனாடொன்றுக்கு மாணவராகச் சென்றார். படிப்பு முடிந்தது, வீசாவும் முடிந்தது, அவர் திரும்பவில்லை. இரவு வேலை செய்து மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பினார். ஊரில் அவர்க்கு நற்பெயரே. சில ஆண்டுகளின் பின் அவர் தாயார் காலமானார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் அவர். புறப்பட்டால் மீள முடியாது. மீளாவிடின் தங்கையரின் வாழ்வுக்கு வழியில்லை. தாயின் ஈமக்கிரியையை அவர் கைப்பேசித் திரையிலே பார்த்தார். கொள்ளியைச் சிறிய தகப்பனாரின் மகன் வைத்தான். எந்த நீதிமன்றமும் அவர்க்கு இத்தண்டனையை விதிக்கவில்லை.

காரியத்தை மாற்றுதல்

மாணவராய்ச் சென்று தொழிலாளராதலும், வருகையாளராய்ச் சென்று ஊழியம் புரிதலும் இவ்வகையின. இன்றைய விதிப்படி ஐக்கிய இராச்சியத்திற் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். கனடாவிற் பாடசாலை நாட்களில் நிறுவகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி; அவுஸ்திரேலியாவில் இருவாரத்துக்கு 48 மணி. இவ்வெல்லைகள் காலந்தோறும் மாறுவனவாதலின், செல்வோர் தத்தம் காலத்து விதியை நேரிற் கேட்டறிதல் வேண்டும்.

"இருபதுக்குப் பதில் முப்பது மணி உழைத்தால் யாருக்கு நட்டம்?" என வினவலாம். உழைத்தவனுக்கே நட்டம் என்பதே விடை. விதிக்குள் நிற்பவனுக்குக் கூலி குறைந்தால் அவன் முறையிடலாம். விதி பிறழ்ந்தவன் முறையிட அஞ்சுகின்றான். முதலாளி அதனை அறிவான். கைக்குக் கை கொடுக்கும் கூலி நாட்டின் குறைந்தபட்சக் கூலியிலுந் தாழ்கின்றது. சிலபோது அதுவும் மறுக்கப்படுகின்றது. விபத்து நேர்ந்தால் நட்டஈடு கேட்க நாவெழுவதில்லை. வீசா விதியைப் பிறழ்தலால் வரும் பெருங்கேடு தண்டமுமன்று, சிறையுமன்று. தனக்கு இழைக்கப்படும் அநீதியை எடுத்துரைக்கும் குரலை இழத்தலேயாம். பேரிழப்பு இதுவே என்பதை இக்கட்டுரையின் உட்கருத்தாகக் கொள்க.

இதற்கு அண்மைக்காலச் சான்றுகள் உள. 2022ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்கள் பலர் வருகை வீசாவில் வளைகுடா நாடுகளுக்கு அனுப்பப்பட்டு, ஓமானில் வீட்டுப் பணிக்குக் கைமாற்றப்பட்டமை வெளிவந்தது. கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குச் சென்ற இளைஞர் சிலர் எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டனர். உரிய தொழில் ஒப்பந்தமின்றி உல்லாசப் பயணியாகச் சென்றவனுக்குத் தொழிற் சட்டத்தின் பாதுகாப்பு ஏது? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து செல்லுதலை வீண் அலைச்சல் என எண்ணுவோர், அப்பதிவே இடர் வந்தவிடத்து அரசின் துணையை நாடும் ஏதுவென்பதை உணர்வாராக.

பொய்யுரைத்துப் பெறுதல்

பொய் வங்கிக் கூற்று, பொய்ச் சான்றிதழ், பொய்த் திருமணம் என்பன இவ்வகையின. ஐக்கிய இராச்சியத்தில் ஏமாற்று வெளிப்படின் 10 ஆண்டு வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம்; கனடாவிற் 5 ஆண்டுத் தடை உண்டு. "முகவர் நிரப்பினார், யான் அறியேன்" என்னும் வாதம் எளிதில் எடுபடாது. கையொப்பம் எவருடையதோ பொறுப்பும் அவருடையதே.

1986 ஓகஸ்ட் மாதம் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் மீட்டனர். அந்நாட்டினர் அவர்களை அன்போடு வரவேற்றனர். தாம் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் கூறினர்; மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டமை விரைவில் வெளியாயிற்று. அவர்கள் உண்மையிலேயே கலவரத்துக்குத் தப்பியோர் என்பது மெய். கனடா அவர்களுக்கு ஓராண்டு அனுமதியும் வழங்கிற்று. எனினும் அந்த ஒரு பொய், அவர்தம் மெய்யையும் ஐயத்துக்கு உள்ளாக்கிற்று. நூறு மெய்யைச் சொல்லவேண்டியவன் ஒரு பொய்யையும் சொல்லலாகாது.

ஏதிலியர் நிலை வேறு

உயிருக்கு அஞ்சி ஓடியவனையும் ஊதியத்துக்காக விதி பிறழ்ந்தவனையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் நீதியன்று. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் தன் 31ஆம் உறுப்பில், ஆபத்திலிருந்து நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை ஒப்புவித்துத் தக்க காரணங் காட்டுவோரைச் சட்டவிரோத நுழைவுக்காகத் தண்டித்தலாகாது என்கின்றது. அங்கும் ஒளியாமையே நிபந்தனை என்பது நோக்கற்பாலது.

ஆயின் இந்தியா அச்சாசனத்திற் சேரவில்லை. 1983இன் பின் மன்னார்க் கரையிலிருந்து தோணியேறித் தமிழகம் சென்ற நம்மவர், அடைக்கலம் பெற்றபோதும் அந்நாட்டுச் சட்டத்தின் முன் உரிய ஆவணமின்றி நுழைந்தோராகவே கொள்ளப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அத்தகையோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியை அடைத்தது. அது நடைமுறைக்கு வந்த 2004 டிசம்பர் 3இன் பின் இந்தியாவிற் பிறந்த பிள்ளையின் பெற்றோருள் ஒருவர் அந்நாட்டுக் குடியாயிருந்தும், மற்றவர் அவ்வாறு நுழைந்தவராயின், பிள்ளைக்குப் பிறப்பால் வரும் குடியுரிமை இல்லை. 2015 சனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிந்த இலங்கைத் தமிழர்க்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025இல் விலக்கு அளிக்கப்பட்டது; அவ்விலக்குக் குடியுரிமையன்று. அதே 2025இல், தமிழகத்திலிருந்து உரிய ஏற்பாட்டுடன் பலாலிக்குத் திரும்பிய முதியவரொருவர், முன்னாளில் அனுமதியின்றி நாட்டை விட்டு நீங்கியமைக்காகக் கைதானதை நாடறியும். போர்க்காலத்து ஓடியவர்க்கே தாளின் குறை இத்துணைத் தூரந் தொடருமாயின், அமைதிக் காலத்தில் தானே விரும்பி அக்குறையைத் தேடுவோன் நிலை என்னாகும்?

ஒரு மறுப்பும் விடையும்

"விதி பிறழ்ந்து தங்கிய பலர் இன்று வீடும் வாசலுமாய் வாழ்கின்றனரே" என்பர். உண்மையே. ஆயின் வென்றவர் கதையே ஊருக்கு வருகின்றது. தோற்றவர் கதையை அவர் வீட்டாரும் மறைக்கின்றனர். அன்றியும், சென்ற நூற்றாண்டின் இறுதியில் திறந்திருந்த வாயில்கள் பல இன்று அடைபட்டன.

ஆதலின் இளைஞர் செய்யத்தக்கன சில. வீசாத் தாளை முகவரிடம் விடாது தாமே வாசித்து அறிக. விண்ணப்பத்தின் பிரதியைத் தம்மிடம் வைத்திருக்க. நீடிப்பு வேண்டின் காலம் முடியுமுன் விண்ணப்பிக்க. தவறு நேர்ந்துவிடின் அதனை மறைக்க வேறொரு தவறு செய்யாது, உரிமம் பெற்ற சட்டத்தரணியையோ நம் தூதரகத்தையோ நாடுக. பொதுமன்னிப்புக் காலங்களும் இடையிடை வருவதுண்டு. 2024இல் குவைத்தும் ஐக்கிய அரபு இராச்சியமும் அத்தகைய வாய்ப்பை வழங்கின. பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள்: காணியை ஈடுவைத்து அனுப்பிய கடனை மகன் தலையில் ஏற்றி, "எப்படியாவது நில்" என்று சொல்லாதீர். அவ்வெப்படியாவதே அவனைப் படுகுழியில் தள்ளுவது.

கடல் கடத்தலைத் தடுப்பது எம் நோக்கமன்று. கல்வியும் பொருளும் தேடிச் செல்வோர் செல்க. விருந்தினனாய்ச் சென்ற இல்லத்திலே வீட்டார் காட்டிய இருக்கையில் அமர்தல் நம்மவர் மரபு. அம்மரபை நாட்டளவில் விரித்துணர்வோமாயின் வீசா விதி சுமையாகத் தோன்றாது. நேர்வழியிற் சென்றவன் நினைத்தபோது தாய்மண் மிதிப்பான். தனக்கொரு தீங்கு நேர்ந்தால் தலைநிமிர்ந்து கேட்பான். நம் மாணாக்கர் அத்தகையோராய்ச் சென்று அத்தகையோராய் மீள்க.