முள் ஆடினால் எதைச் சந்தேகிப்பது?

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறவர்களுக்குப் பிரஷர் கேஜைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாய்லரின் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தே அங்கே ஒவ்வொரு ஷிப்டும் நடக்கிறது. அந்த முள்ளின்மீதே சந்தேகம் எழுந்தால், பாய்லரில் கை வைப்பதற்கு முன், சரியென்று நிச்சயமாகத் தெரிந்த வேறொரு கேஜை மாட்டிப் பார்ப்பதுதான் முறை என்பதும் அவர்கள் அறிந்ததே. 1923ஆம் வருஷத்துப் பாய்லர் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகள், இன்ஸ்பெக்டர் தம்முடைய சோதனைக் கேஜைப் பொருத்துவதற்கென்றே பாய்லரில் ஓர் இணைப்பு இருக்க வேண்டுமென்று வற்புறுத்துகின்றன. ஆனால் இதே ஊரில் ஒரு பழைய அம்பாஸிடரின் ஆயில் பிரஷர் முள் தாறுமாறாக ஆடத் தொடங்கினால், அந்த நியாயம் எப்படியோ மறந்துபோகிறது. ஒருவர் என்ஜினே போய்விட்டதென்று கலங்கி, என்ஜினைப் பிரித்துச் செய்யும் போர் வேலைக்குப் பணம் திரட்டுகிறார். இன்னொருவர் வெறும் மீட்டர் கோளாறு என்று முடிவு கட்டிப் பல்லடம் ரோட்டில் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார். முன்னவருக்குப் பண நஷ்டம்; பின்னவருக்கு என்ஜினே நஷ்டமாகலாம்.

மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் சீரிஸை மூலமாகக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரையில் உற்பத்தியாகிவந்த அம்பாஸிடரை, இன்றும் அபிமானத்தோடு வைத்திருக்கும் குடும்பங்கள் கொங்கு நாட்டில் உண்டு. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தால், சூடேறி ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 50 பவுண்டு அழுத்தமும், நின்ற நிலையில் மெதுவாகச் சுற்றும்போது ஏறக்குறைய 15 பவுண்டும் காட்டும். காலையில் 60ஐத் தொட்ட முள், சித்திரை வெயிலில் குமரன் ரோட்டு நெரிசலில் நிற்கையில் 15க்கு இறங்கிவிட்டதே என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சூட்டில் ஆயில் இளகுகிறது, அழுத்தம் இறங்குகிறது, அது நோயல்ல. நிதானமாக இறங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நிதானமாக ஏறும் முள் உண்மை பேசும் முள். நம்முடைய விசாரணைக்கு உரியது, காரணமின்றித் துள்ளும் முள்ளே.

துள்ளும் முள்ளை ஆராய்வதற்கு முன், வண்டியில் இருப்பது எந்த ஜாதிக் கேஜ் என்று தெரிந்துகொள்ள வேண்டும். யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய்த் தத்துவத்தில் இயங்குவது ஒன்று. பாய்லரில் இருப்பதும் அதுவே. இதில் என்ஜினிலிருந்து ஆயிலே ஒரு மெல்லிய பைப்பின் வழியாக டேஷ்போர்டு வரையில் வருகிறது. என்ஜினின் அதிர்வைத் தாங்குவதற்காக அந்தச் செம்புப் பைப்பில் விட்டிருக்கும் சுருளை, இடத்தை அடைக்கிறதென்று யாரேனும் நிமிர்த்திவிட்டிருந்தால், நாளடைவில் அது வெடித்துக் கசியும். கேஜின் பின்புறம் விரலால் தடவிப் பார்த்தால் ஈரம் சொல்லிவிடும்.

மற்றொன்று மின்சாரக் கேஜ். இதில்தான் பொய்ச் சாட்சிகள் அதிகம். ஆயில் முள்ளோடு பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே ஆடினால், அவற்றுக்கெல்லாம் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரையோ டேஷ்போர்டின் எர்த்தையோ சந்தேகிக்க வேண்டுமேயன்றி என்ஜினை அல்ல. ஹெட்லைட் போட்டவுடன் முள் குதித்தால் எர்த் கெட்டிருப்பது பெரும்பாலும் உறுதி. நம் ஊருக்கே உரிய விசேஷம் ஒன்றும் உண்டு. பட்டறைப் பைப்பு வேலையில் பழகிய கை, என்ஜினில் மாட்டும், அழுத்தத்தை ஒயர் வழியாகக் கேஜுக்குச் சொல்லும் சென்டரின் மரையிலும் டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிடுகிறது. ஒற்றை ஒயர் வரும் சென்டருக்கு எர்த் கிடைப்பதோ அந்த மரையின் வழியாகத்தான். கசிவு நின்றது, கூடவே முள்ளின் நிதானமும் போயிற்று!

இவையெல்லாம் ஊகங்கள். ஊகத்துக்கு முடிவு கட்டுவது, சென்டரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு நல்ல மெக்கானிக்கல் கேஜை மாட்டி, என்ஜின் சூடேறும் வரையில் ஓடவிட்டுப் பார்ப்பது ஒன்றே. அரை மணி நேர வேலைதான். ஆகவே இதைச் செய்யாமல் என்ஜினைப் பிரிக்கச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சோதனைக் கேஜின் முள்ளும் அதேபோல் ஆடினால், வியாதி மெய்யானது. அப்பொழுதும் முதலில் பார்க்க வேண்டியது ஆயில் குச்சியைத்தான். மட்டம் குறைந்திருந்தால், திருப்பத்திலும் பிரேக்கிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்ச, முள் விழுந்து எழும். அடுத்தபடியாக ரிலீஃப் வால்வு. அது என்ஜின் பிளாக்கின் பின்பகுதியில், குமிழ்போன்ற ஒரு நட்டுக்குள் இருக்கிறது. நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் அதற்குப் பின்னால் வால்வும் கைக்கு வந்துவிடும். வால்வின் முகத்தில் ஒரு மணல் அளவு துகள் ஒட்டியிருந்தாலும் அது சரியாக உட்காராமல் அழுத்தத்தைக் கசியவிடும். திருப்பூரிலிருந்து பல ஊர் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் துடைப்பதற்கென்று போகிற பனியன் வேஸ்ட்டைப் பற்றி இவ்விடத்தில் ஒரு வார்த்தை: கையையும் பானெட்டையும் துடைக்க அதைவிட உயர்ந்த பொருள் இல்லை, ஆனால் சம்ப்பின் உட்புறத்தையும் வால்வையும் அதனால் துடைத்தால், அதிலிருந்து பிரியும் நூலிழைகள் சல்லடையிலும் வால்விலும் போய்ச் சிக்கிக்கொள்ளும். அங்கே இழை விடாத துணியே வேண்டும்.

ஆடாமல் எப்பொழுதும் தாழ்ந்தே நிற்கும் முள், அதனுடன் அடியிலிருந்து கனமான தட்டும் ஓசை என்றால், பேரிங்கும் பம்ப்பும் தேய்ந்திருக்கின்றன. அதற்குப் போர் வேலைக்காரரிடம் போகத்தான் வேண்டும். முள் பூஜ்யத்துக்கு விழுந்து சத்தமும் கேட்டால், வீடு இரண்டு தெரு தள்ளியிருந்தாலும் என்ஜினை அந்த இடத்திலேயே நிறுத்திக் கட்டி இழுத்துச் செல்வதே உத்தமம்.

எளிதில் தப்பிவிடும் காரணம் இன்னொன்று உண்டு. ஆயில் குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்து, ஊற்றாமலே மட்டமும் உயர்ந்திருந்தால், என்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கி ஆயிலைத் தண்ணீராக்கிக்கொண்டிருக்கலாம். இந்நிலையில் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு வண்டியை எடுத்துச் செல்பவர் சில நாட்களில் அதே வாடையோடு திரும்பி வருவார். டயஃப்ரத்தை முதலில் மாற்றி, கசிவில்லை என்று பார்த்த பிறகே புது ஆயிலும் பில்டரும் போட வேண்டும்.