கடல் தாண்டிய சரக்கு – 11: தட்டில் ஏறிய குலச் சின்னம்

தேயிலைப் பெட்டிகளுக்கு அடியில் சீனப் பீங்கான் லண்டன் போய்ச் சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அது நனைந்தாலும் கெடாது. கப்பலுக்கு அடிப்பாரமும் ஆயிற்று, வியாபாரமும் ஆயிற்று. ஆனால் அதெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனி மொத்தமாக வாங்கிய சரக்கு. இந்த வாரம், ஆளுக்கு ஆள் சொல்லிச் செய்வித்த சரக்கு.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரிய குடும்பங்களுக்குக் குலச் சின்னம் வண்டிக் கதவிலும் வெள்ளிப் பாத்திரத்திலும் இருந்தது போதவில்லை. சாப்பிடும் தட்டிலும் வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் அசல் பீங்கான் செய்யும் ஆலை 1710-இல்தான் ஜெர்மனியின் மைசனில் தொடங்கியது. அந்த ஆலைச் சரக்கின் விலை எல்லோருக்கும் கட்டாது. எனவே சீனா போகும் கப்பல் தலைவரிடமோ சரக்கு அதிகாரியிடமோ சின்னம் வரைந்த தாளைக் கொடுத்தனுப்புவார்கள். சொந்தக் கணக்கில் கொஞ்சம் வியாபாரம் செய்துகொள்ள இவர்களுக்குக் கம்பெனி அனுமதி உண்டு. நம் ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை ஆளுநராக இருந்த தாமஸ் பிட், இப்படிச் செட் செய்வித்த முதல் ஆங்கிலேயர்களில் ஒருவர்.

சீனாவின் ஜிங்டெசென் சூளைகளில் வெள்ளையாகச் சுட்ட தட்டுகள் ஆறும் மலையும் கடந்து கான்டன் துறைமுகத்துக்கு வரும். அங்குள்ள பட்டறைகளில் எனாமல் வண்ணம் தீட்டி மறுபடியும் சுடுவார்கள். தீட்டுகிறவருக்குச் சின்னத்தில் உள்ள எழுத்தும் தெரியாது, சிங்கம் எதற்காகப் பின்னங்காலில் நிற்கிறது என்பதும் தெரியாது. தாளில் உள்ளது தட்டில் வரும், அவ்வளவுதான்.

வினை அங்கேதான். பலர் கொடுத்தனுப்பியது, தங்கள் புத்தகங்களில் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு அச்சுச் சீட்டு. அதில் நிறங்களைக் கோடுகளால் குறிப்பது ஐரோப்பியச் செதுக்குக் கலைஞர்களின் வழக்கம்: செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி தங்கம். கான்டன் ஓவியர் சில செட்டுகளில் அந்தக் கோடுகளையும் மயிரிழை பிசகாமல் வரைந்துவிட்டார். இதற்கு வெகுமுன்பே, 1520 வாக்கில், போர்ச்சுகல் அரச சின்னம் ஒரு கூஜாவில் தலைகீழாகவே ஏறியிருக்கிறது.

இவற்றைக் காட்டிச் சிரிப்பது சேகரிப்பாளர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. குற்றம் தாளைக் கொடுத்தவருடையது என்பேன். 1740 வாக்கில் லீக் ஓக்கோவர் என்ற ஆங்கிலக் கனவான், முழு வண்ணத்தில் தீட்டிய மாதிரியை, திருப்பித் தரவேண்டும் என்ற குறிப்போடு அனுப்பினார். மாதிரி பத்திரமாகத் திரும்பி வந்தது. கூடவே வந்த தட்டுகள் அந்த வகையின் தலைசிறந்த வேலைப்பாடுகளில் சேரும். தட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு. அன்றைக்கு அது கொள்ளை விலை. கொடுத்த காசுக்கு வேலை குறையவில்லை.

உள்நாட்டுச் சூளைகள் தலையெடுக்க, 1791-இல் கம்பெனி பீங்கானை மொத்தமாக இறக்குவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதற்குள் கான்டன் சரக்குக்கு இன்னொரு வாடிக்கைக்காரர் கிடைத்துவிட்டார். அரசரே வேண்டாம் என்று போராடி வென்ற ஜார்ஜ் வாஷிங்டன், 1786-இல் சின்னம் தீட்டிய 302 உருப்படிகளை வாங்கிய கதை அடுத்த வாரம்.